இரண்டாவது எஞ்சின் தரும் பாதுகாப்பு

வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தில், ரங்கத் வட்டத்தைச் சேர்ந்தது லாங் ஐலண்ட் என்னும் சிறு தீவு. ரங்கத்தை அடுத்த யெரட்டா படகுத்துறையிலிருந்து படகிலோ, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரிலிருந்து கப்பலிலோதான் அங்குச் செல்வது வழக்கம். விமானம் இறங்கும் ஓடுதளம் அத்தீவில் இல்லை. எனினும், மத்திய அரசின் உடான் திட்டத்தில், நீரில் இறங்கும் விமானங்களுக்கென அந்தமானில் குறிக்கப்பட்ட நான்கு இடங்களில் லாங் ஐலண்டும் ஒன்று. ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக், ஷஹீத் தீவு எனப்படும் நீல், லிட்டில் அந்தமானின் ஹட் பே ஆகியவை மற்ற மூன்று.

அந்தமானுக்கு நீர் விமானம் புதிதன்று. 2010 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பெற்ற 'ஜல் ஹன்ஸ்' சேவை, ஒற்றை எஞ்சின் கொண்ட செஸ்னா கேரவன் விமானத்தைப் பயன்படுத்தியது. சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. அதன்பின் நம் நாட்டில் நடந்தவற்றைப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். 2020 அக்டோபர் 31 அன்று சபர்மதி ஆற்றுக்கும் கேவடியாவுக்கும் இடையே பறந்ததும், 2024 நவம்பரில் விஜயவாடா – ஸ்ரீசைலம் இடையிலும், கொச்சி – மாட்டுப்பெட்டி இடையிலும் செயல்விளக்கமாகப் பறந்ததும் 'ட்வின் ஒட்டர்' என்னும் இரட்டை எஞ்சின் விமானமே.

நீர் விமானமாயினும், தூத்துக்குடிக்கு வந்துபோகும் ஏடிஆர் விமானமாயினும், அதன் விமானி அறையில் அமர விரும்பும் இளைஞர் கடக்க வேண்டிய படி ஒன்று உண்டு. அதுவே 'மல்டி எஞ்சின் ரேட்டிங்' எனப்படும் இரட்டை எஞ்சின் தகுதியும், அதற்கான பறப்புத் தேர்வும். பிள்ளையை விமானியாக்க வீட்டுப் பத்திரத்துடன் வங்கிக் கிளைக்கு வரும் பெற்றோர் பலருக்கு, கட்டணப் பட்டியலில் இத்தகுதிக்கென ஏன் தனித்தொகை குறிக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்குவதில்லை. அத்தேர்வு எதைச் சோதிக்கிறது, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது, அதன் செலவை எவ்வாறு திட்டமிடுவது என்பவற்றை இங்கே நாம் முறையாகக் காண்போம்.

பாதி போனால் எவ்வளவு போகும்?

ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்று இருக்கிறதே, ஆதலின் பாதித் திறன் எஞ்சுமே என்று நினைப்பது இயல்பு. கணக்கு அவ்வாறு அமைவதில்லை. நமக்குப் பழகிய குடும்ப வரவுசெலவைக் கொண்டே இதைப் பார்க்கலாம்.

கணவன், மனைவி இருவரும் தலா 50,000 ரூபாய் ஈட்டும் இல்லம் ஒன்றில் மாதச் செலவு 40,000 ரூபாய் எனக் கொள்வோம். மீதம் 60,000 ரூபாய். ஒருவர் நோயுற்று வேலையை இழக்கிறார். வருவாய் 50,000 ஆகக் குறைகிறது; மருந்துச் செலவு சேர்ந்து செலவு 44,000 ஆகிறது. மீதம் 6,000 ரூபாய் மட்டுமே. வருவாயில் இழந்தது 50 விழுக்காடு. சேமிப்பில் இழந்ததோ 90 விழுக்காடு.

விமானம் மேலே ஏறுவது இந்த 'மீதத்தை'க் கொண்டுதான். மட்டமாகப் பறப்பதற்கு வேண்டிய ஆற்றல் போக எஞ்சுவதே ஏறுவதற்குப் பயன்படும். சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால், ஆற்றலில் பாதி போகும். நின்ற எஞ்சினின் சுழல்விசிறி காற்றைத் தடுப்பதால் 'செலவு' கூடும். ஏறும் திறனில் 80 முதல் 90 விழுக்காடு வரை போய்விடும். வெப்பம் மிகுந்த நாளில், முழுச் சுமையுடன் இருந்தால், மீதம் ஏதுமின்றி விமானம் மெல்ல இறங்கவும் கூடும். இரண்டாவது எஞ்சின் தானாகவே பாதுகாப்பு தருவதில்லை. அந்தச் சிறு மீதத்தை வீணாக்காமல் கையாளும் விமானியே அதைப் பாதுகாப்பாக மாற்றுகிறார். இத்தகுதித் தேர்வின் உட்பொருள் இதுதான்.

சிவப்புக் கோடும் நீலக் கோடும்

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. எஞ்சின்கள் இறக்கைகளின் மீது, நடுவிலிருந்து விலகி அமைந்துள்ளன. இடப்பக்கத்து எஞ்சின் நின்றால், வலப்பக்கத்து எஞ்சினின் உந்துதல் விமானத்தின் மூக்கை இடப்புறம் திருப்பும். ஒரு பக்கம் மட்டும் துடுப்பு வலித்தால் படகு வட்டமடிப்பதைத் தீவுகளில் வாழ்வோர் அறிவர், இதுவும் அவ்வாறே. அத்திருப்பத்தை எதிர்க்க விமானி எதிர்ப்பக்கச் சுக்கான் மிதியை அழுத்த வேண்டும்.

சுக்கான் வேலை செய்வது அதன்மீது பாயும் காற்றால். வேகம் குறையக் குறைய அதன் வலுவும் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே, சுக்கானை முழுமையாக அழுத்தினாலும் விமானத்தை நேராக வைத்திருக்க இயலாது. இதையே குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம் என்கிறோம். வேகமானியில் இது சிவப்புக் கோடாக வரையப்பட்டிருக்கும். அதற்கு மேலே உள்ள நீலக் கோடு, ஒற்றை எஞ்சினில் மிகச் சிறப்பாக ஏறக்கூடிய வேகத்தைக் காட்டும். சிவப்பைத் தொடாமல், நீலத்தைப் பற்றிக்கொள்வதே எஞ்சின் நின்ற விமானியின் முதற்கடமை.

சிவப்புக் கோடு மாறா எண் அன்று என்பதையும் மாணவர் உணர வேண்டும். விமானத்தின் எடை பின்பகுதியில் மிகுந்திருந்தால் அவ்வேகம் உயரும். நின்ற எஞ்சினின் விசிறி காற்றில் சுழன்றுகொண்டிருந்தாலும் உயரும். லாங் ஐலண்ட் போன்று கடல் மட்டத்தில் அமைந்த இடத்தில் சாதாரண எஞ்சின் தன் முழு ஆற்றலையும் தருவதால், ஒருபக்க இழுப்பு அங்கேதான் மிகுதி. உயரே செல்லச் செல்ல எஞ்சின் வலுவிழப்பதால் அவ்வேகம் குறையும்; ஆனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் 'ஸ்டால்' வேகம் வேகமானியில் ஏறத்தாழ மாறாதிருக்கும். இரண்டும் நெருங்கும் உயரத்தில், ஒருபக்க உந்துதலுடன் ஸ்டால் நேர்ந்தால் விமானம் சுழன்று வீழும் ஆபத்து உண்டு. தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் வினா இது.

இரு விசிறிகளும் ஒரே திசையில் சுழலும் விமானங்களில், ஓர் எஞ்சினின் இழப்பு மற்றதன் இழப்பைவிடக் கடுமையான விளைவைத் தரும். அதற்கு 'கிரிட்டிக்கல் எஞ்சின்' என்று பெயர். விமானி இருக்கையிலிருந்து பார்க்கையில் விசிறிகள் வலஞ்சுழியாகச் சுழன்றால், இடப்பக்க எஞ்சினே அது. பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் பைப்பர் செனிக்கா விமானத்தில் விசிறிகள் எதிரெதிராகச் சுழல்வதால் அவ்வேறுபாடு இல்லை. நீங்கள் தேர்வெழுதும் விமானம் எவ்வகையினது என்பதைக் காரணத்துடன் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் தேர்வு முறை

வணிக விமானி உரிமத்திற்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, குறைந்தது 200 மணி நேரப் பறத்தலைக் கோருகிறது. வான்வழி செலுத்துகை, வானிலையியல், விமான விதிகள், பொதுத் தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளில் 70 விழுக்காடு பெற வேண்டும். இவையன்றி, பறக்கும் விமான வகைக்கென்றே ஒரு தொழில்நுட்பத் தேர்வும் உண்டு. பயிற்சி நிறுவனங்கள் பலவும் 200 மணியின் பெரும்பகுதியை ஒற்றை எஞ்சின் விமானத்திலும், இறுதியில் 15 மணி அளவில் இரட்டை எஞ்சின் விமானத்திலும் அமைக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில், ஒற்றை எஞ்சின் டயமண்ட் டிஏ-40 விமானத்தில் பயின்றோர் பின்னர் இரட்டை எஞ்சின் டிஏ-42 விமானத்திற்குச் செல்கின்றனர்.

அமெரிக்காவில் பயில்வோருக்கு முறை சற்று வேறுபடும். ஏற்கெனவே ஒற்றை எஞ்சின் உரிமம் பெற்றவர் இத்தகுதியைச் சேர்த்துக்கொள்ளத் தனி எழுத்துத் தேர்வு அங்கில்லை; 'செக்ரைடு' என வழங்கும் வாய்மொழி வினாக்களும் பறப்புத் தேர்வும் மட்டுமே. ஆனால் நாடு திரும்பியபின் அவ்வுரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். அதற்குரிய தேர்வுகளுக்கும் காலத்திற்கும் செலவிற்கும் தனியே இடம் ஒதுக்க வேண்டும்.

எந்த நாடாயினும், தேர்வாளர் காண விரும்புவன ஒன்றே. ஓடுதளத்தில் ஓடும்போது எஞ்சின் நின்றால், இரு எஞ்சின்களின் விசையையும் உடனே குறைத்து விமானத்தை நிறுத்துகிறாரா? மேலெழுந்தபின் நின்றால், நீலக் கோட்டு வேகத்தைப் பேணுகிறாரா? ஒற்றை எஞ்சினில் அணுகி இறங்கத் தெரிகிறதா? சிவப்புக் கோட்டை நெருங்கும்போது அதன் அறிகுறிகளை உணர்ந்து, இயங்கும் எஞ்சினின் விசையைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி மீள்கிறாரா? இயங்கும் எஞ்சினின் விசையைக் குறைப்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். விமானத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது அந்த எஞ்சினே என்பதை உணர்ந்தவருக்கு அது இயல்பாக வரும்.

அவசரப்படாத கை

2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் தைபேயிலிருந்து புறப்பட்ட டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானத்தில், வலப்பக்க எஞ்சின் உந்துதலை இழந்தது. விமானி அறையில் நிறுத்தப்பட்டதோ நன்றாக இயங்கிக்கொண்டிருந்த இடப்பக்க எஞ்சின். விமானம் ஆற்றில் வீழ்ந்து, அதிலிருந்த 58 பேரில் 43 பேர் உயிரிழந்தனர். எஞ்சின் நிற்பதைக் காட்டிலும், எது நின்றது என்று தவறாக முடிவு செய்வதே கொடிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆகவேதான் பயிற்சியில் ஒரு வரிசை வலியுறுத்தப்படுகிறது. முதலில் விமானத்தை நேராகவும் உரிய வேகத்திலும் நிலைநிறுத்த வேண்டும். அடுத்து, நின்ற எஞ்சினை அடையாளம் காண வேண்டும்: எந்தக் காலுக்கு அழுத்த வேலை இல்லையோ, அந்தப் பக்கத்து எஞ்சினே நின்றது. பிறகு, அதை உறுதி செய்ய வேண்டும்: அந்த எஞ்சினின் விசைக்கட்டையை மெல்லப் பின்னிழுத்தால், விமானத்தின் போக்கில் மாற்றம் ஏதும் இராது. அதன் பின்னரே அதன் விசிறி இதழ்களைக் காற்றோட்டத்திற்கு விளிம்பு காட்டுமாறு திருப்பி நிறுத்த வேண்டும். இதனை 'ஃபெதரிங்' என்பர். அவ்வாறு செய்தால் தடை குறைந்து, இழந்த மீதத்தில் ஒரு பகுதி மீளும். இயங்கும் எஞ்சினின் பக்கமாக ஐந்து பாகைக்கு மிகாமல் விமானத்தைச் சாய்ப்பதும் உதவும்.

இவ்வரிசையை மனப்பாடமாக ஒப்பிப்பதால் பயனில்லை. கை தானாகச் செல்ல வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. விமானி அறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு நெம்புகோலையும் தொடுவதுபோல் கையை நீட்டி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. அடுத்தது, பாவனைக் கருவியில் பயில்வது. அதன் பின்னரே விமானம். வீட்டில் கற்க வேண்டியதை வானத்தில் கற்பவர், இரட்டை எஞ்சின் விமானத்தின் மணிக் கட்டணத்தில் அதைக் கற்கிறார். பாடங்களை இடைவெளியின்றி அடுத்தடுத்த நாட்களில் வைத்துக்கொள்வதும், பயிலும் விமானத்திலேயே தேர்வு நடைபெறுமாறு பார்த்துக்கொள்வதும் நன்று. எரிபொருளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்க எஞ்சினுக்கு அனுப்பும் முறை, புறப்பாட்டைக் கைவிட்டு நிற்பதற்கு வேண்டிய தொலைவு, ஒற்றை எஞ்சினில் எட்டக்கூடிய உயரம் ஆகியவற்றை அன்றைய வெப்பநிலைக்கும் எடைக்கும் தாமே கணக்கிட்டுத் தேர்வுக்குச் செல்பவர், வாய்மொழி வினாக்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

நீர் விமானத்தில் இதே பாடம் வேறு வடிவில் வரும். நீரில் பிரேக் கிடையாது. எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் விமானம் நகரத் தொடங்கும். வானத்தில் தொல்லை தரும் ஒருபக்க உந்துதல், நீரில் விமானத்தைத் திருப்பும் கருவியாகிறது. ட்வின் ஒட்டரைப் படகுத்துறைக்குக் கொண்டுவரும் விமானி, இரு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே திருப்புகிறார்.

தமிழகத்திற்கும் இரட்டை எஞ்சினுக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1951இல் சென்னை மாநில அரசு வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தை, வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரப் பறத்தலில் இந்தியாவுக்கு ஓட்டிவந்தனர். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானியாகப் போற்றப்படும் உஷா, பெங்களூரின் ஜக்கூரில் 1949இல் பயிற்சி முடித்தவர்.

கடனும் ஓர் எஞ்சின்தான்

இனி, செலவு. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற விமானிப் பயிற்சி, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. 4 இலட்சம் ரூபாய் வரை விளிம்புத்தொகை இல்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடும், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காடும் நீங்கள் செலுத்த வேண்டும். 7.5 இலட்சத்திற்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவை. விமானிப் பயிற்சிக் கட்டணம் இவ்வெல்லையைப் பன்மடங்கு தாண்டுவதால், வீடோ நிலமோ பிணையமாவது உறுதி. ஆகவே முடிவெடுக்கும் முன் கணக்கிட்டுப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, 40 இலட்சம் ரூபாய் கடன், 10 விழுக்காடு வட்டி, இரண்டாண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு தவணை விடுப்பு எனக் கொள்வோம். முழுத்தொகையையும் முதல்நாளே பெற்றுப் பயிற்சி நிறுவனத்திடம் கட்டிவிட்டால், மூன்றாண்டுத் தனி வட்டி 12 இலட்சம். அதையே ஆறு மாதத்திற்கு ஒருமுறை 10 இலட்சமாக நான்கு தவணைகளில் விடுவித்தால், வட்டி 9 இலட்சம். பயிற்சி முன்னேறும் அளவுக்கேற்பப் பணம் செலுத்தும் ஏற்பாட்டினால் 3 இலட்சம் மிச்சமாவதுடன், இடையில் பயிற்சி தடைப்பட்டாலும் பணம் முழுவதும் சிக்கிக்கொள்ளாது. இரட்டை எஞ்சின் பகுதிக்குரிய தொகையை, மாணவர் எழுத்துத் தேர்வுகளில் தேறியபின் விடுவிக்கக் கேட்பது அறிவுடைமை.

12 இலட்சம் வட்டியும் அசலுடன் சேர்ந்து 52 இலட்சமானால், 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 55,900 ரூபாய். விடுப்புக் காலத்திலேயே வட்டியை அவ்வப்போது செலுத்திவந்தால், 40 இலட்சத்திற்கான தவணை ஏறத்தாழ 43,000 ரூபாய். வருமான வரியின் பழைய முறையைத் தேர்ந்தோர், கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் 8 ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம்.

உரிமம் கிடைத்தவுடன் வேலை கிடைக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆகவே பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையின் சம்பளம் என்னும் எஞ்சின் ஓராண்டு தாமதமாக இயங்கினால், உங்கள் வருவாய் என்னும் மற்ற எஞ்சின் மட்டும் தவணையைத் தாங்குமா? தாங்கும் அளவுக்கே கடனை அமைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன்னரே முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிடுங்கள். கண்பார்வையிலோ செவியிலோ குறை இருப்பின் அது கடன் பெறுவதற்கு முன் தெரிவது நல்லது. பயிற்சி நிறுவனத்தின் டிஜிசிஏ அங்கீகாரம் நடப்பில் உள்ளதா, இரட்டை எஞ்சின் விமானம் அதனிடம் இயங்கும் நிலையில் உள்ளதா, அங்கு முன்னர்ப் பயின்றவர்கள் எத்தனை மாதங்களில் முடித்தனர் என்பவற்றை நேரில் சென்று கேட்டறியுங்கள். கடனுடன் மாணவர் பெயரில் ஆயுள் காப்பீடும் எடுத்துவிடுங்கள். கட்டணப் பட்டியல், திருப்பித்தரும் விதிகள் ஆகியவற்றின் நகலுடன் நம் கிளைக்கு வந்தால், தவணை அட்டவணையை உடனமர்ந்து வகுத்துத் தர எங்கள் அலுவலர்கள் காத்திருக்கிறார்கள்.